கோட்டை விட்டவள்

2 மார்ச் 1985, சனி

மிஸ்டர் பியூ இன்று என் மழைக்கோட்டைத் தரையில் போட்டார். போட்டார் என்பது மரியாதைக்கு. செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கி, ஹீட்டருக்கு அந்தப் பக்கம் விட்டெறிந்தார்.

என் குற்றம் இதுதான்: சொட்டச் சொட்ட நனைந்து வந்தவள், மன்றத்துச் சுவரில் சும்மா கிடந்த கொக்கியில் அதை மாட்டிவிட்டேன்.

"அது துணைகளுக்கு, நெரிஸ். ஆளுங்களுக்கு இல்ல."

நூறு வருடம் கழித்து இந்த டைரியைத் தோண்டி எடுக்கப்போகும் அறிஞர்களே, உங்களுக்கு ஒரு குறிப்பு. இது 'கலங்கரை' தொடரின் ரசிகர் மன்றம், நியூபோர்ட் கிளை. சர்ச்சுக் கூடத்தின் பின்னறையில் சனிதோறும் மூன்று மணிக்குத் தேநீர், பிஸ்கட், சண்டை. தொடர் 1962லிருந்து தொலைக்காட்சியில் ஓடுகிறது. விண்மீன்களுக்கு நடுவே மிதந்து திரியும் ஒரு கலங்கரை விளக்கம், அதில் சாகவே சாகாத ஒரு விளக்குக்காரர், அவரோடு சுற்ற ஒரு துணை. துணைகள் வந்ததும் கோட்டைக் கழற்றிச் சுவர்க் கொக்கியில் மாட்டுவார்கள். போகும்போது கோட்டை விட்டுவிட்டுப் போவார்கள். அதுதான் சம்பிரதாயம். காலிக் கையோடு ஒரு துணை வாசலைத் தாண்டினால் எங்கள் மன்றத்தில் மீசை வைத்த ஆண்களெல்லாம் மூக்கைச் சிந்துவார்கள்.

மன்றச் சுவரிலும் அதே மாதிரிக் கொக்கிப் பலகை உண்டு. நான்கு நகல் கோட்டுகள்: நர்ஸ் லோர்னாவின் நீலம், புகைபோக்கி துடைக்கும் டாமின் கரி அப்பிய சட்டை, பேராசிரியர் ஓக்ஸின் கட்டம் போட்டது, இரும்பு வாத்தின் தார்ப்பாய். இந்த நால்வரோடு கறுப்பு வெள்ளை முடிந்தது. வண்ணம் வந்த பிறகு வந்த துணைகளெல்லாம் வெறும் வண்ணம் என்பது மிஸ்டர் பியூவின் கொள்கை.

இன்றைய அறிவிப்பு: ஜூன் எட்டாம் தேதி ஆண்டு விழா. எல்லோருக்கும் பிடித்த துணை யார் என்று ஓட்டெடுப்பு. ஜெயித்த துணையாக நடித்தவர் விழாவுக்கு அழைக்கப்படுவார். நான் உடனே கையைத் தூக்கி, "பிப்பா ரூக்!" என்றேன். பிப்பா மூவாயிரமாம் ஆண்டின் பிக்பாக்கெட். வணக்கம் சொல்லிக் கைகுலுக்கினால் உங்கள் மோதிரம் அவள் விரலில் இருக்கும். அவளைப் பிடிக்காதவர்களை எனக்குப் பிடிக்காது.

"1970க்கு அப்புறம் பார்க்க ஆரம்பிச்சவங்களுக்கு அரை ஓட்டு," என்றார் மிஸ்டர் பியூ.

"ஏன், எனக்குப் பாதி மூளைதானா?"

"பாதிக் கதைதான் பார்த்திருக்க. மீதி அழிஞ்சுபோச்சு. அதப் பார்த்தவன் நான்."

அதுதான் அவர் துருப்புச்சீட்டு. பழைய வாரங்களின் நாடாக்களைத் தொலைக்காட்சிக்காரர்கள் அழித்து, மேலே வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். அந்த வாரங்கள் இப்போது மிஸ்டர் பியூவின் தலைக்குள் மட்டும் ஓடுகின்றன. நாட்டிலுள்ள கிளைகள் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் எழுதும். மற்ற நாட்களில் அவர் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்க்கிறவர்.

அரை ஓட்டாம். அரை வேக்காடு.

3 மார்ச்

மழைக்கோட்டு இன்னும் காயவில்லை. நானும்தான்.

5 மார்ச்

கண்டுபிடித்துவிட்டேன்!

மன்ற இதழான 'கொக்கி'யைத் தட்டச்சு செய்வது நான்தான் (தட்டச்சுக்கு மட்டும் முழு ஆள்). அடுத்த இதழுக்காக மிஸ்டர் பியூ 1966ஆம் வருடத்துப் பத்திரிகைப் படம் ஒன்று கொடுத்திருந்தார். விளக்குக்காரர் படிக்கட்டில் நிற்கிறார். பின்னால் கொக்கிகள். அதில் எத்தனை கோட்டு?

ஐந்து.

துணைகள் நால்வர். கோட்டு ஐந்து. கடைசியில் ஒரு பழுப்பு மழைக்கோட்டு, ஈரமாக, தோள் ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது. பத்தொன்பது வருடமாக இதை ஒருவரும் எண்ணவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தால் எங்கே எண்ணுவது?

அஞ்சாவது துணை. அஞ்சாத துணை. அவளுக்கு ஒரு பெயர் வேண்டும்.

9 மார்ச், சனி

போன வருடம் செத்துப்போன என் வெள்ளெலியின் பெயர் மோர்வென்னா. மோரும் இருக்கிறது, வெண்ணெயும் இருக்கிறது. கடைந்தெடுத்த பொய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

தேநீர் நேரத்தில் ரொம்பச் சாதுவாகக் கேட்டேன்.

"மிஸ்டர் பியூ, மோர்வென்னா மொத்தம் எத்தனை வாரம் வந்தா?"

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். 'அது யாரு?' என்று கேட்பார், நான் 'அய்யோ, உங்களுக்கே தெரியாதா?' என்பேன், அறையே சிரிக்கும். திட்டம் அவ்வளவுதான்.

பிஸ்கட் ஊறியது. வளைந்தது. உடைந்து உள்ளே விழுந்தது.

"மூணு வாரம்," என்றார் மிஸ்டர் பியூ.

டெலித் என் காலை மிதித்தாள். டெலித் என் உயிர்த்தோழி. அந்த எலியை ஷூ பெட்டியில் வைத்துப் புதைத்தபோது பிரார்த்தனை சொன்னவள்.

16 மார்ச், சனி

இன்று மோர்வென்னாவை எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது! மிஸஸ் ட்ரெஹார்ன் சொன்னார்: "பாவம், அந்தப் பொண்ணுக்கு எப்பவும் ஒரு இருமல்." பின்வரிசையிலிருந்து ஒருவர், அவள் பாசியால் மூடப்பட்ட கிரகத்தில் வழுக்கி விழுந்ததைச் சொல்லி, தானே எழுந்து நடித்துக் காட்டி, தானும் விழுந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் டெலித்துக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.

"அடியே, அவளுக்கு நெஜமாவே இருமல் இருந்துச்சுடி. கூண்டுல போட்ட மரத்தூள் ஒத்துக்காம!"

23 மார்ச், சனி

'நினைவில் உள்ளவை' என்ற தன் பத்தியில் மிஸ்டர் பியூ ஒரு முழுப் பக்கம் மோர்வென்னாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பிரதி எடுக்கும் ஸ்டென்சில் தாளில் தட்டும்போது மூன்று பிழை விழுந்தது, சிரிப்பில். கடைசி வரி: 'மூன்றாம் வாரத்தில், நம் எல்லோருக்காகவும், அவள் கோட்டை விட்டாள்.'

கோட்டை விட்டாள்! மிஸ்டர் பியூ, கோட்டை விட்டது நீங்கள்.

20 ஏப்ரல், சனி

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிதம். பிரிஸ்டல் கிளைத் தலைவர் கிளைவ் ஸ்டர்ஜெஸ். 'துணைகள்: ஒரு கையேடு' என்ற புத்தகத்தைத் தன் செலவில் அச்சடித்து எல்லாக் கிளைக்கும் அனுப்பிய மகான். எங்கள் கிளையில் மேசைக்கால் ஆடாமல் இருக்க அதைத்தான் கீழே வைத்திருக்கிறோம்.

கடிதத்தில் இரண்டே வரி. 'மோர்வென்னா என்று ஒரு துணை இருந்ததே இல்லை. 1962 முதல் வந்த நிகழ்ச்சிப் பட்டியல்கள் அத்தனையோடும் ஜூன் எட்டாம் தேதி வருகிறேன், அன்று திரு. பியூவின் புகழ்பெற்ற ஞாபகத்தை எல்லோரும் பார்க்கலாம்.'

மிஸ்டர் பியூ அதைச் சத்தமாகப் படித்தார். மடித்தார். பைக்குள் வைக்கப் போனார், பை எந்தப் பக்கம் என்று தெரியாத மாதிரி இரண்டு பக்கமும் தடவினார்.

நான் சிரிக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. காலையில் சாப்பிட்டது சரியில்லையோ?

4 மே, சனி

ஓட்டு முடிவு.

மோர்வென்னா: 41.
பிப்பா ரூக்: 40½.

இதை மூன்று முறை படித்தேன். ஏனென்றால் வேடிக்கைக்காக என் அரை ஓட்டை எலிக்குப் போட்டிருந்தேன். பிப்பாவுக்குப் போட்டிருந்தால் பிப்பா 41, எலி 40½.

அரை ஓட்டில் தோற்றாள் என் பிப்பா. அந்த அரை நான்.

டெலித் சொன்னாள்: "நீயே ஒரு பிக்பாக்கெட்டு. உன் பாக்கெட்டையே அடிச்சுக்கிட்ட."

11 மே, சனி

மூன்று முறை தப்பாக எழுதி அடித்துவிட்டேன். இந்த முறை சிரிப்பில் இல்லை.

பெனார்த் என்ற கடலோர ஊரிலிருந்து மன்றத்துக்கு ஒரு கடிதம். நீல மை, சாய்ந்த எழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

'என் பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் இதழைக் காட்டினான். படத்தில் இருக்கும் பழுப்புக் கோட்டுக்காரி நான்தான். இத்தனை வருடம் கழித்தும் மறக்காமல் இருந்ததற்கு நன்றி. எட்டாம் தேதி நேரில் வருகிறேன். ஜோன் ஆஸ்க்யூ.'

மன்றமே எழுந்து கைதட்டியது. மிஸஸ் ட்ரெஹார்ன் அழுதார். மோர்வென்னாவாக நடித்தவர் வருகிறார்! இருமல் மிட்டாய் வாங்கி வைக்க ஒரு குழு அமைத்தார்கள்.

யார் இந்த ஜோன்? யார் வரப்போகிறார்கள்? என் எலி செத்து பதினாலு மாசம் ஆச்சே!

மிஸ்டர் பியூ மட்டும் கைதட்டவில்லை. பிஸ்கட்டையும் முக்கவில்லை.

18 மே, சனி

இன்று கூட்டம் இல்லை. ஸ்டென்சிலைக் கொடுக்கும் சாக்கில் மிஸ்டர் பியூ வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான். வழியெல்லாம் ஒத்திகை: 'மிஸ்டர் பியூ, ஒரு சின்ன விளையாட்டு.' 'மிஸ்டர் பியூ, கேட்டா சிரிப்பீங்க.'

சமையலறை மேசை முழுக்க அவருடைய பழைய நோட்டுகள். ஒவ்வொரு வாரமும் தொடர் முடிந்ததும் அன்றைக்கே எழுதி வைத்தவை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். தேநீர் போடவில்லை. அவர் தேநீர் போடாமல் நான் பார்த்ததே இல்லை.

"உக்காரும்மா," என்றார். பிறகு நோட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அவள ஞாபகமே இல்ல, நெரிஸ்."

"யார?"

"மோர்வென்னாவ. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. இருமல்ங்கறாங்க, பாசிங்கறாங்க. எனக்குச் சுத்தமா ஒண்ணும் இல்ல. இந்த நோட்டுலகூட இல்ல. அன்னிக்கு நீ கேட்டப்ப வெக்கமா இருந்துச்சு. மூணு வாரம்னு அடிச்சு விட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். ஒத்திகை பார்த்தது எல்லாம் காணோம்.

"எங்கப்பாவுக்கு ஐம்பதுல ஆரம்பிச்சது. மொதல்ல ஆளுங்க பேரு போச்சு. அப்புறம் ஆளுங்களே போனாங்க. என்னையும் சேத்துத்தான்." விரலால் மேசையில் ஒரு துணுக்கை ஒதுக்கினார். "எனக்கு இப்ப நாப்பத்தாறு. டாக்டர்கிட்ட வியாழக்கிழமைக்கு நேரம் கேட்டிருக்கேன்."

ஐயோ. ஐயோ ஐயோ. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்!

"அது என் எலி," என்றேன்.

"என்னது?"

"மோர்வென்னா. என் வெள்ளெலி. செத்துப்போச்சு. படத்துல அஞ்சு கோட்டு இருந்துச்சு. நீங்க அரை ஓட்டுன்னு சொன்னீங்க. அதான்— அப்படி ஒருத்தி இல்லவே இல்ல, மிஸ்டர் பியூ. ஒங்க ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. ஞாபகம் இருக்குன்னு சொன்ன மத்தவங்களுக்குத்தான் ஏதோ கோளாறு!"

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி என்னை.

"எலியா?"

"எலி."

"நான் முழுப் பக்கம் எழுதுனேனே... நம்ம எல்லாருக்காகவும்னு..."

"ரோமம் மாதிரி மென்மையான மனசுன்னும் எழுதியிருந்தீங்க. ரோமம் அவளுக்கு நெஜமாவே இருந்துச்சு."

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன். சிரித்தார். நோட்டுகள் மேல் தலையை வைத்துச் சிரித்தார். முகத்தைத் துடைத்துவிட்டு என்னைத் திட்டினார், ஒரு கால் மணி நேரம், மூச்சு விடாமல். 'பொறுப்பு' என்ற சொல் ஏழு முறை வந்தது. நான் ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. இதைத் தேதியோடு குறித்து வைக்கவும்.

பிறகு தேநீர் போட்டார். கெட்டில் கொதிக்கும்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"அப்போ," என்றார் மெதுவாக, "எட்டாம் தேதி வர்ற அம்மா யாரு?"

25 மே

மாட்டாத கோட்டை மாட்டியதாகச் சொல்லி, நானே மாட்டிக்கொண்டேன். மிஸ்டர் பியூவும் கூடவே தொங்குகிறார். நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "அன்னிக்கு நான் சொல்லிக்கிறேன். எழுதினது என் பேர்ல," என்றார்.

அதோடு அந்தப் பெயர் போய்விடும். கிளைவ் அவர் பொய்யைத் துணியில் எழுதி ஆற்றுப் பாலத்தில் கட்டுவார். யார் இனிமேல் மிஸ்டர் பியூவிடம் எதைக் கேட்பார்கள்?

7 ஜூன்

மன்றத்தின் நாற்பது கோப்பையையும் இரண்டு முறை கழுவினேன்.

8 ஜூன், சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடம் நிறைந்துவிட்டது. கிளைவ் ஸ்டர்ஜெஸ் இரண்டு சூட்கேஸ் பட்டியல்களோடு முன்வரிசையில். சரியாக மூன்று மணிக்குக் கதவு திறந்தது. அறுபதைத் தொட்ட ஒரு அம்மா, குட்டையாக, சிவந்த கன்னங்களோடு. கையில் ஒரு பெரிய காலிப் பை. உள்ளே வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. நேரே சுவர்க் கொக்கிப் பலகைக்குப் போனார். நீலம், கரி, கட்டம், தார்ப்பாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்னோடது எங்க?"

எல்லோரும் கைதட்டினார்கள். மிஸஸ் ட்ரெஹார்ன் இருமல் மிட்டாயை நீட்டினார்.

கிளைவ் எழுந்தார். "ஒரு நிமிஷம். இருபத்து மூணு வருஷப் பட்டியல் இங்க இருக்கு. ஒண்ணுலகூட மோர்வென்னான்னு பேர் இல்ல. மிஸ்டர் பியூ, ஒங்களுக்கு அவள ஞாபகம் இருக்கா, இல்லையா?"

மிஸ்டர் பியூ எழுந்து நின்றார்.

"இல்ல," என்றார். "ஞாபகம் இருக்குன்னு சொன்னது பொய். தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டேன். அவ்வளவுதான்."

என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. ஒரு வார்த்தை போதும், விரல் நீட்டினால் போதும். நீட்டவில்லை. அதனால் என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டன.

"அது என் எலி!"

இதை இவ்வளவு சத்தமாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாசியில் வழுக்கியவர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸஸ் ட்ரெஹார்னுக்கு இப்போது உண்மையிலேயே இருமல் வந்தது.

கிளைவ் முகத்தில் தீபாவளி. (எங்கள் ஊரில் நவம்பர் ஐந்து வாணவேடிக்கை என்று வைத்துக்கொள்ளவும்.) "ஆக, துணையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தம்மா யாருன்னும் தெரியல—"

"நான் ஜோனுப்பா," என்றார் அந்த அம்மா. "படம் புடிச்ச கூடத்துல டீ வண்டி தள்ளினவ. கடிதாசியில எழுதியிருந்தேனே, கோட்டுக்காரின்னு. கோட்டு கெடச்சிருச்சாக்கும்னு நெனச்சுல்ல வந்தேன்."

மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"அன்னிக்கு ஒரே மழை. தொப்பலா நனஞ்சுட்டேன். காயட்டுமேன்னு காலியா இருந்த கொக்கியில மாட்டிட்டு வண்டியத் தள்ளிட்டுப் போனேன். திரும்பி வரதுக்குள்ள படம் புடிச்சுட்டானுங்க! திரையில வந்துருச்சாம். இனிமே எடுத்தா நேயருங்க கேள்வி கேப்பாங்களாம். தொடக்கூடாதுன்னுட்டானுங்க. பதினோரு வாரம், கண்ணுங்களா! தெனமும் அது எதுக்கவே டீ ஊத்துவேன். பாக்கெட்ல என் பஸ் பாஸ் வேற. பதினோரு வாரம் நனஞ்சுக்கிட்டே நடந்தேன். அப்புறம் வேலைய விட்டுப் போறப்பவும் குடுக்கல."

"பதினோரு வாரமா?" என்றார் மிஸ்டர் பியூ. அவர் குரல் மாறியிருந்தது. "புகைபோக்கி டாமே மொத்தம் ஏழு வாரந்தான்."

அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"டெலித்," என்றேன், "மேசைக் காலு!"

டெலித் குனிந்து மேசைக்குக் கீழேயிருந்து கிளைவின் கையேட்டை உருவினாள். மேசை சாய்ந்தது, நாற்பது கோப்பைத் தேநீர் பட்டியல் சூட்கேஸ் பக்கம் பாய்ந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே முதல் பக்கத்தை நான் கத்திப் படித்தேன்:

"'துணை என்பவர் யார்? நடித்தவரா, பேசியவரா, எத்தனை வாரம் வந்தார் என்பதெல்லாம் கணக்கில்லை. கலங்கரையின் கொக்கியில் தன் கோட்டை மாட்டி, அதை விட்டுச் சென்றவர் எவரோ, அவரே துணை.' எழுதியவர்: கிளைவ் ஸ்டர்ஜெஸ்!"

கிளைவ் நனைந்த பட்டியல் ஒன்றைப் பிடித்தபடி நின்றார். சொந்தச் சட்டத்தை மீறுகிற ஆள் அவர் இல்லை. அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"விதி விதிதான்," என்றார் கடைசியில், பல் வலிக்காரர் மாதிரி. "வாழ்த்துகள், மேடம்."

"எதுக்குப்பா?" என்றார் ஜோன்.

மோர்வென்னாவின் நாற்பத்தொரு ஓட்டும் ஜோனுக்கு மாற்றி எழுதப்பட்டன. கூடமே வரிசையில் நின்று கையெழுத்து வாங்கியது. ஜோன் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "சர்க்கரை எத்தன?" பழக்கதோஷம்.

15 ஜூன், சனி

அரை ஓட்டு ஒழிந்தது. மிஸ்டர் பியூவே தீர்மானம் கொண்டுவந்தார். ஜோனுக்கு அளவெடுத்து மன்றம் புதுப் பழுப்புக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறது. இரண்டாக. ஒன்று அவருக்கு, ஒன்று சுவருக்கு.

எனக்குத் தண்டனை: ஜோன் சனிதோறும் வருகிறார், டீ வண்டியை நான் தள்ள வேண்டும். ஒரு நாள் பிஸ்கட்டுக்குப் பதில் சோப்பு அடுக்கலாமா என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. இப்போதைக்கு.

22 ஜூன், சனி

போன வாரம் வெளியான இதழுக்கு மிஸ்டர் பியூ பத்தியின் தலைப்பை மாற்றிக் கொடுத்திருந்தார்: 'நினைவில் இல்லாதவை'. பதினாறு கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் 'தெரியவில்லை, யாருக்காவது தெரியுமா?' தட்டச்சு செய்யும்போது ஒரு பிழைகூட விழவில்லை. அதற்குள் பிரிஸ்டலிலிருந்து மட்டும் ஒன்பது பதில். எட்டு கிளைவ் எழுதியது.

29 ஜூன், சனி

மழை. கூட்டம் முடிந்து கிளம்பும்போது என் மஞ்சள் மழைக்கோட்டைக் காணவில்லை. ஹீட்டருக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. டெலித்தைச் சந்தேகப்பட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

கொக்கிப் பலகை நீண்டிருந்தது. புது மரம், இன்னும் வார்னிஷ் வாசனை. லோர்னா, டாம், பேராசிரியர், வாத்து, ஜோன். அடுத்து பிப்பாவின் சிவப்புச் சட்டை. வண்ணம்! அதற்கும் அடுத்து, கடைசிக் கொக்கியில், மஞ்சளாக ஒன்று, தோள் ஒரு பக்கம் சரிந்து.

எடுக்கக் கை நீட்டினேன்.

"தொடாத," என்றார் மிஸ்டர் பியூ, பிஸ்கட்டை முக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "அது துணைகளுக்கு."

தொப்பலாக நனைந்து வீடு வந்தேன். அம்மா கதவைத் திறந்தாள்.

"ஏண்டி, கோட்டு எங்க?"

"கோட்டை விட்டுட்டேம்மா," என்றேன்.